கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம்: ஓபி-க்குப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். 1794-ல் தொடங்கி, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் ஆஸ்பத்திரி. சினிமா பண்ணிய கேலியால் பலர் வாசல் பக்கமே வருவதில்லை, நஷ்டம் அவர்களுக்குத்தான். ஆலோசனையும் மாத்திரையும் இலவசம்.

காலையிலேயே போய்விடுங்கள். பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரை அட்டை, வீட்டு ஆள் ஒருவர், மூன்றும் வேண்டும். தூக்கமும் பசியும் எப்போதிலிருந்து கெட்டன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டால் டாக்டரின் நேரம் மிச்சம்.

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை காட்டப் பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டலும் படபடப்பும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் நிறுத்துவது இங்கேதான். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும்.

இருதுருவக் கோளாறுக்கு (மனம் அளவுக்கு மீறிப் பொங்குவதும், பிறகு சோர்ந்து விழுவதும் மாறி மாறி வரும் நோய்) தரும் லித்தியம் மாத்திரை இன்னும் கறாரானது. ரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதிக்க, கடைசி டோஸ் போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனால் அளவு ஏற்றிக் காட்டும். மே மாத வெயிலில் உடம்பில் நீர் வற்றினாலும், மூட்டுவலிக்கு ஐபுப்ரூஃபென் போட்டாலும் ரத்தத்தில் லித்தியம் கூடும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஓசிடி-க்கு (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்) மாத்திரை மட்டும் பல சமயம் போதாது. கை கழுவத் தோன்றும்போது கழுவாமல், பதற்றம் தணியும்வரை பொறுத்திருக்கும் பயிற்சியை வாராவாரம் செய்ய வேண்டும். முதல் நாளே உளவியலாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

ராத்திரியில் அவசரமாகப் பேச 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம்.