இனிப்புநீர் (நீரிழிவு) வந்த பிறகு: மாதச் சம்பளமா, வாடகைக் காரா?

சிங்கப்பூர் தேக்காவில் தேநீர் குடிக்கும்போது நண்பர் கேட்டார்: "இனிப்புநீர் வந்துவிட்டது. அலுவலக வேலையை விட்டுவிட்டுத் செயலி வழியாகப் பயணிகளை ஏற்றும் தனியார் வாடகைக் கார் ஓட்டட்டுமா?"

மாதச் சம்பள வேலையின் பெரிய பலம் எம்சி, அதாவது மருத்துவச் சான்றிதழுடன் எடுக்கும் விடுப்பு. வேலைநியமனச் சட்டத்தின்படி, ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் சேர்ந்தால் அந்த 14 நாளையும் சேர்த்து 60 நாள் வரை. பலதுறை மருந்தகத்தில் (அரசாங்க மருந்தகம்) எம்சி கொடுத்தால் அந்த நாள் வருமானம் குறையாது. மேலாளர் முகம் சுளிப்பது வேறு கதை.

கார் ஓட்டினால் நேரம் உங்கள் கையில். பரிசோதனைக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் ஓடாத நாளில் காசு இல்லை, கார் வாடகை மட்டும் ஓடும். 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டம் (செயலி வழியாக வேலை செய்வோருக்கானது) வேலையிடக் காயத்துக்கு இழப்பீடு தருகிறது. சர்க்கரை ஏறிப் படுத்தால் அது உதவாது. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதும் நேரம் தவறிய சாப்பாடும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்கும்; கழிவறை தேடி அலைவது வேறு. இன்சுலின் போடுபவருக்கு இன்னும் சிக்கல்: ஓட்டும்போது சர்க்கரை திடீரென இறங்கினால் உங்களுக்கு மட்டுமல்ல, காரில் இருக்கும் பயணியின் உயிருக்கும் ஆபத்து.

மருந்துச் செலவுக்கு மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) சம்பளக்காரர், ஓட்டுநர் இருவருக்கும் கைகொடுக்கும்.

நான் வேலையை விட வேண்டாம் என்றேன். அவர் தேநீரில் சீனி குறைக்கச் சொல்லிவிட்டு, யோசிக்கிறேன் என்றார்.