‘ரெடிமேட் ஆன்லைன் கடை’ என்று யாராவது வந்தால் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள் – எனக்கு 48,000 போச்சு

48,000. ஒரே தவணையில், பேங்க் டிரான்ஸ்ஃபராக. கையில் மிஞ்சியது என் பெயரில் இல்லாத ஒரு டொமைனும் (தளத்தின் இணைய முகவரி), பணம் வாங்க முடியாத ஒரு கடையும். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் எழுத விடாது. ஆன்லைன் தொழில் தொடங்குகிறவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

கடை கட்டித் தந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ‘ஏழே நாளில் கடை தயார், நீங்க விற்றால் போதும்’ ரகம். பில் இப்படி: டொமைனும் மூன்று வருட ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) 15,000, வடிவமைப்பு 20,000, எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்துக்கும் பிரவுசருக்கும் நடுவே போகும் தகவலைப் பூட்டி அனுப்ப உதவுவது) 3,000, பேமெண்ட் கேட்வே (வாடிக்கையாளரின் அட்டைப் பணத்தை வசூலித்துத் தரும் சேவை) இணைப்பு 10,000.

அந்த எஸ்எஸ்எல்லை மட்டும் பாருங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. ஆயுள் குறைவுதான்; சர்வரில் ஒருமுறை அமைத்துவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இவர்கள் போட்டதும் அதேதான். பிரவுசரில் சான்றிதழ் விவரத்தைத் திறந்தால் வழங்கியவர் பெயர் பல்லிளிக்கிறது. கடை ஓடுகிற வேர்ட்பிரஸ், வூகாமர்ஸ் இரண்டும்கூட இலவச மென்பொருள்கள். வேலைக்குக் கூலி வாங்கட்டும், தப்பே இல்லை. சும்மா கிடைப்பதற்கு 3,000 என்று தனி வரி போடுவதற்குப் பெயர் என்ன?

நம்ப வைத்தது ஒரு டெமோ. அவர்களுடைய ஆள் திரையைப் பகிர்ந்து, ஒரு பொருளைக் கூடையில் போட்டு, அட்டை எண்ணை அடித்தார். இரண்டு நொடியில் ‘பேமெண்ட் சக்சஸ்’. ஆர்டர் பட்டியலில் ‘பிராசஸிங்’ என்று வந்து விழுந்தது. “பார்த்தீங்களா சார், அவ்வளவுதான் வேலை” என்றார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். அடித்த எண் 4242 4242 4242 4242. ஸ்ட்ரைப் கேட்வே தன் ஆவணத்தில் ஊரறியக் கொடுத்திருக்கும் சோதனை எண் அது. டெஸ்ட் மோடில் அதோடு எந்த மூன்று இலக்க சிவிவியைப் போட்டாலும், வரப்போகும் எந்தத் தேதியைப் போட்டாலும் வெற்றி என்றே காட்டும். ஒரு காசு இடம் மாறாது.

கடையை அதே டெஸ்ட் மோடிலேயே என்னிடம் ஒப்படைத்தார்கள். டெஸ்ட் மோடில் நிஜ அட்டை செல்லாது. வாங்க வந்தவர்கள் கடைசிப் பக்கம் வரை வந்து, ‘நிராகரிக்கப்பட்டது’ என்று பார்த்துத் திரும்பிப் போனார்கள். கேட்டால் முதல் வாரம், “கஸ்டமரோட பேங்க்ல பிரச்சினை சார்.” இரண்டாம் வாரம், “டிக்கெட் போட்டாச்சு.” மூன்றாம் வாரம், “டெக்னிக்கல் டீம் லீவு, திங்கட்கிழமை கண்டிப்பா.” எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை. கேட்வே அமைப்புப் பக்கத்தில் சாவியின் (கடையைக் கேட்வே கணக்கோடு இணைக்கும் ரகசிய எழுத்துகள்) தொடக்கத்திலேயே ‘டெஸ்ட்’ என்று எழுதியிருக்கும். கேட்வே கணக்கு தயாராக இருந்தால் ‘லைவ்’ சாவியாக மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

கடைசியில் மாற்றினார்கள். யாருடைய சாவியை? அவர்களுடையதை! அதாவது கேட்வே கணக்கு அவர்கள் பெயரில், வசூலான பணம் போவது அவர்கள் பேங்குக்கு. வாடிக்கையாளர் பணம் கட்டுகிறார், பொருள் அனுப்புவது நான், காசு அங்கே. “மாசக் கடைசியில சேர்த்து அனுப்பிடுவோம் சார்.” வரவில்லை. 48,000-க்கு மேல் அது தனிக்கணக்கு.

சரி, டொமைனையாவது எடுத்துக்கொண்டு வேறு இடம் போகலாம் என்றால் அங்கேதான் பெரிய பூட்டு. டாட் காம் மாதிரியான டொமைனை இன்னொரு ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைனைப் பதிவுசெய்து தரும் நிறுவனம்) மாற்ற, மாற்றவிடாமல் தடுக்கும் லாக்கை எடுத்துவிட்டு, ஆத் கோட் என்ற ரகசியக் குறியீட்டை வாங்க வேண்டும். பதிவான முதல் 60 நாள் பொதுவாக மாற்ற முடியாது. அதற்குப் பின் கேட்டால் ஐந்து நாளுக்குள் அந்தக் குறியீட்டைத் தந்தாக வேண்டும் என்பது உலக அளவில் டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதி. ஆனால் அந்த உரிமை பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. பதிவில் இருப்பது அவர்கள் பெயர், அவர்கள் இமெயில். பணம் நான் கொடுத்தேன் என்பது ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு பொருட்டே இல்லை. பொதுத் தேடலில் உரிமையாளர் பெயரைப் பெரும்பாலும் மறைத்தே காட்டுவார்கள் என்பதால் முன்பே கண்டுபிடிப்பதும் கஷ்டம். இப்போது “வருடப் பராமரிப்பு 12,000 கட்டுங்க, டொமைன் பத்திப் பேசலாம்” என்கிறார்கள். 48,000 வாங்கியவர்களுக்கு இன்னும் 12,000!

20,000 வாங்கிய வடிவமைப்பும் ‘நல்டு’ தீம், அதாவது விலைக்கு விற்கும் தயார் வடிவமைப்பின் லைசன்ஸ் உடைத்த திருட்டுப் பிரதி. அப்டேட் வராது. அதற்குள் யாராவது பின்வாசல் வைத்திருந்தால், உங்கள் கடைக்கு வருகிறவரை வேறு தளத்துக்குத் தள்ளிவிடும்; கூகுள் சிவப்பு எச்சரிக்கைத் திரையைப் போட்டதும் வியாபாரம் படுத்துவிடும்.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், அதற்கு இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

டொமைனை நீங்களே, உங்கள் இமெயிலில் கணக்கு திறந்து வாங்குங்கள். கட்டித் தருகிறவருக்கு நேம்சர்வர் (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று காட்டும் அமைப்பு) மாற்றும் அனுமதி கொடுத்தால் போதும்.

கேட்வே கணக்கு உங்கள் பெயரில், உங்கள் பேங்கோடு. ஒப்படைக்கும் அன்றே உங்கள் சொந்த அட்டையில் சின்னத் தொகைக்கு ஒரு பொருள் வாங்கி, அது பேங்குக்கு வந்து சேரும்வரை மீதிப் பணம் தராதீர்கள்.

அட்டையில் கட்டுங்கள். ஏமாந்தால் சார்ஜ்பேக், அதாவது அட்டை கொடுத்த பேங்க் மூலம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பெரும்பாலும் 120 நாள்வரை அவகாசம் உண்டு. “டிரான்ஸ்ஃபர்னா 5% தள்ளுபடி” என்று எனக்குச் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது.

தீம் லைசன்ஸ் சாவி உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

பேக்கப்பை மாதாமாதம் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்குங்கள். ஃபைல்கள், டேட்டாபேஸ் இரண்டும். நான் கேட்டபோது ஒரு ஜிப் ஃபைல் அனுப்பினார்கள். திறந்தால் பொருள்களின் படங்கள் மட்டும். ஆர்டரும் விலையும் வாடிக்கையாளர் முகவரியும் இருக்கிற டேட்டாபேஸ் அதில் இல்லை.