மார்க் 1 என்று சொல்லி மார்க் 9ஐத் தலையில் கட்டுகிறார்கள்: பழைய ஸ்பிட்ஃபயர் கிட்டுக்கு டீட்டெயில் செட் வாங்குமுன் படியுங்கள்

ஸ்பிட்ஃபயர் இரண்டாம் உலகப் போர்க்காலத்து பிரிட்டிஷ் போர் விமானம்; மார்க் 1 அதன் முதல் வகை, மார்க் 9 பின்னால் வந்த வகை. 1/72 அளவில் வந்த பழைய ஸ்பிட்ஃபயர் மார்க் 1 பிளாஸ்டிக் மாடல் கிட் வைத்திருப்பவர்களைக் குறிவைத்து, கிட்டின் பாகங்களுக்குப் பதிலாகப் பொருத்தும் நுணுக்கமான பாகங்கள் என்று ஆன்லைனில் ஒரு 'முழு டீட்டெயில் செட்' விற்கிறார்கள். ரெசினில் வார்த்த காக்பிட், சக்கரம், எக்ஸாஸ்ட் (புகைபோக்கி), ரேடியேட்டர், பித்தளைத் துப்பாக்கிக் குழல், ஃபோட்டோ எட்ச் தகடு (அமிலத்தால் அரித்து வடிவமெடுத்த மெல்லிய உலோகத் தகடு), கேனோபி (காக்பிட்டின் கண்ணாடி மூடி), டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்) எல்லாம் ஒரே பெட்டியில். பழைய மோல்டுக்கென்றே செய்தது, வெட்டாமல் கொள்ளாமல் உள்ளே உட்காரும் என்பது விற்பவரின் வாக்கு. வாங்கிப் பிரித்துப் பார்த்தாயிற்று. உட்காரவில்லை என்பதுகூடப் பெரிய விஷயமில்லை. அது மார்க் 1க்கான செட்டே அல்ல. விற்பவர் பெயரைப் போட்டுப் பயனில்லை, நாளைக்கு வேறு பெயரில் கடை போடுவார். அடையாளங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வதுதான் உபயோகம்.

முதலில் எக்ஸாஸ்டை எண்ணுங்கள். மார்க் 1ல் பக்கத்துக்கு மூன்று வாய், மார்க் 9ல் பக்கத்துக்கு ஆறு. இந்தச் செட்டில் பக்கத்துக்கு ஆறாக மொத்தம் பன்னிரண்டு இருக்கிறது. அடுத்து சக்கரத்தின் நடுப்பகுதி. மார்க் 1க்கு ஐந்து ஆரம் வேண்டும், வந்ததில் நான்கு. செட்டில் வந்த ரேடியேட்டர் இரண்டும் ஒரே அளவு. மார்க் 1ல் வலது இறக்கையின் அடியில் மட்டும்தான் ரேடியேட்டர், இடது இறக்கையின் அடியில் இருப்பது சின்ன ஆயில் கூலர். பித்தளைக் குழல்கள் 20 மி.மீ. பீரங்கிக்கானவை. எட்டு பிரௌனிங் துப்பாக்கி வைத்த சாதாரண மார்க் 1ல் இறக்கைக்கு வெளியே குழலே நீட்டிக்கொண்டிருக்காது. துளைகளின் மேல் சிவப்பு டோப் (விமானத் துணியை இறுக்கும் வார்னிஷ்) பூசிய துணியை ஒட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். பீரங்கி வைத்த மார்க் 1பி கொஞ்ச விமானங்கள்தான், அந்தக் கிட் அதுவும் இல்லை. ஆக, மார்க் 9க்கென்று யாரோ செய்த செட்டை எடுத்து லேபிளை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

அதையாவது ஒழுங்காகச் செய்தார்களா என்றால் இல்லை, நகலின் நகல். இரண்டு சக்கரத்தையும் அருகருகே வைத்து லென்ஸில் பார்த்தால் டயரின் ஓரத்தில் ஒரே இடத்தில், ஒரே வடிவத்தில், கடுகைவிடச் சின்னதாய் ஒரு குழி. வார்க்கும்போது மாட்டிக்கொள்ளும் காற்றுக்குமிழ் ஒவ்வொரு வார்ப்பிலும் ஒவ்வொரு இடத்தில்தான் வரும். இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்தால், குழி விழுந்த ஒரு சக்கரத்தையே மாஸ்டராக, அதாவது மூல மாதிரியாக, வைத்து மோல்டு (வார்ப்பு அச்சு) எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வேறு எந்தச் சாட்சியும் தேவையில்லை. டேஷ்போர்டில் ஆறு முக்கியக் கருவிகளும் வட்டமாக இல்லாமல் மழுங்கின மேடுகளாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

நகலெடுக்க எடுக்க அளவும் குறையும். சிலிக்கான் மோல்டு கொஞ்சம் சுருங்கும், ரெசின் இறுகும்போது அதுவும் கொஞ்சம் சுருங்கும், இரண்டும் ஒவ்வொரு தலைமுறைக்கும் சேர்ந்துகொண்டே போகும். இதில் ஒரு வேடிக்கை: காக்பிட் தொட்டி நீளத்தில் குறைகிறது, அகலத்தில் கூடுகிறது. நீளம் குறையக் காரணம் சுருக்கம். அகலம் கூடுவதற்குக் காரணம், மூலச் செட் மெல்லிய சுவருள்ள புதுக் கிட்டுக்கானது. பழைய கிட்டின் உடல் சுவர் 1.2 மி.மீ. தடிமன், நிஜ அளவில் கணக்குப் போட்டால் 86 மி.மீ., கோட்டைச் சுவர்தான். உள்ளே கிடைக்கும் அகலம் 10.2. தொட்டியோ 11.3. சுவரைச் சுரண்டாமல் இது எந்தக் காலத்திலும் உள்ளே போகாது.

ஃபோட்டோ எட்ச் என்று வந்த தகட்டில் அரை ஆழ எட்சிங்கே கிடையாது. உண்மையான எட்ச் தகட்டில் மேடு பள்ளம் நகத்துக்குத் தட்டுப்படும், மடிக்க வேண்டிய இடத்தில் மெல்லிய பள்ளக் கோடு இருக்கும். இது சப்பையாக வெட்டிய தகடு, மேலே படம் அச்சடித்திருக்கிறது. இருக்கையும் கண்ட்ரோல் ஸ்டிக்கும் 3டி பிரிண்ட், தொட்டால் பிசுபிசுக்கிறது. அதாவது சரியாகக் கழுவவுமில்லை, யுவி வெளிச்சத்தில் காயவைக்கவுமில்லை. அப்படியே பெயிண்ட் அடித்தால் பெயிண்ட் காயாது. கையுறை இல்லாமல் தொடவும் கூடாது, இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, காயவிட்டு, யுவி விளக்கில் வைத்தால் ஓரளவு தேறும். ரெசினை அறுப்பதும் தேய்ப்பதும் தண்ணீர் தொட்டுத்தான், முகமூடியோடு.

புகார் சொன்னால் வரும் பதில்களையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். "கொஞ்சம் ஃபிட் பண்ண வேண்டியிருக்கும், அது மாடலரின் திறமை" என்பது முதல் பதில். எக்ஸாஸ்ட் எண்ணிக்கையைக் காட்டினால் "மாற்றி அனுப்புகிறேன், முதலில் டிஸ்ப்யூட்டை (தளத்தில் பதிந்த புகாரை) மூடுங்கள்" என்பது இரண்டாவது. மூடவே மூடாதீர்கள். பல தளங்களில் ஒருமுறை மூடினால் மறுபடி திறக்க முடியாது. நண்பருக்கு அனுப்புவது போலப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், அந்த வழியில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை. பாகங்களை வார்ப்புக் கட்டையிலிருந்து அறுக்காமல், பக்கத்தில் காலிப்பர் வைத்துப் படம் எடுங்கள். அறுத்துவிட்டால் 'பயன்படுத்திவிட்டீர்கள்' என்று கையை விரிப்பார்கள். வாங்குவதற்கு முன்னாலேயே இரண்டு கேள்வி போதும்: ஸ்கேல் வைத்து எடுத்த பாகங்களின் படம் தர முடியுமா, எந்த வருடத்து மோல்டில் பொருத்திப் பார்த்தீர்கள்? ஒரே பெயரில், ஒரே அளவில் பழைய மோல்டும் புது மோல்டும் இருக்கும்போது பெட்டிப் படத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்பவரிடம் வாங்க வேண்டியதில்லை.

இனி, அந்தச் செட் செய்வதாகச் சொன்ன வேலையை பிளாஸ்டிக் ஷீட்டிலேயே செய்யும் வழி. 0.13, 0.25, 0.5 மி.மீ. ஷீட், 0.25 × 0.5 ஸ்ட்ரிப், 0.2 மி.மீ. செம்புக் கம்பி, கிட்டிலேயே மிஞ்சும் ஸ்ப்ரூ (பாகங்களைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டகம்) போதும்.

முதலில் வரைபடத்தைச் சரிபாருங்கள். மார்க் 1ன் இறக்கை விரிவு 36 அடி 10 அங்குலம், 1/72ல் 155.9 மி.மீ. நீளம் 29 அடி 11 அங்குலம், 126.6 மி.மீ. பிரிண்ட் எடுத்த தாளில் இந்த இரண்டையும் அளந்து பார்க்காமல் ஒரு ஷீட்டையும் வெட்டாதீர்கள். பிரிண்டர் 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வில் இருந்தால் சத்தமில்லாமல் சில சதவீதம் சுருக்கிவிடும்.

காக்பிட்டில் சுவரை மெலிதாக்குவதுதான் பாதி வேலை. டேஷ்போர்டிலிருந்து இருக்கைக்குப் பின்னுள்ள தடுப்பு வரை உள்பக்கம் பென்சிலால் எல்லை போடுங்கள். வளைந்த பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி, 400 நம்பர் தாளில் முடியுங்கள். அடிக்கடி விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கசிந்தால் சுவர் ஏறக்குறைய 0.5 மி.மீ.க்கு வந்துவிட்டது. இரண்டு பாதியும் ஒட்டும் விளிம்பில் 2 மி.மீ. பட்டையைத் தொடாமல் விடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டுவதற்கு இடமிருக்காது. பிறகு 0.25 × 0.5 ஸ்ட்ரிப்பால் சட்டங்கள். திரவ க்ளூவைத் தூரிகையின் நுனியால் தொட்டு வைத்தால் போதும். மெலிந்த சுவரில் க்ளூ அதிகமானால் பிளாஸ்டிக் உள்ளே இளகி, கரைப்பான் ஆவியாகும்போது வெளிப்பக்கம் சட்டத்தின் வடிவில் பள்ளம் விழும். பெயிண்ட் அடித்த பிறகுதான் அது கண்ணில் படும் என்பதுதான் எரிச்சல்.

முதற்காலத்து மார்க் 1ல் சக்கரத்தை மடக்கக் கைப்பம்புதான். அதன் நீண்ட பிடி விமானியின் வலப்பக்கம். மார்க் 9 செட்டில் அது இருக்க வழியே இல்லை. 0.4 மி.மீ. இழுத்த ஸ்ப்ரூவில் அரை நிமிட வேலை. ஸ்ப்ரூ இழுக்கும்போது தீயிலேயே வைத்து இழுக்காதீர்கள். நடுப்பகுதி தொய்ந்ததும் தீயிலிருந்து எடுத்து, ஒரு கணம் விட்டு இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மயிரிழை, மெதுவாக இழுத்தால் கம்பி.

டேஷ்போர்டின் உயிர் நடுவிலுள்ள ஆறு கருவிகள். மேல் வரிசையில் வேகமானி, செயற்கைத் தொடுவானம், ஏறுவீதமானி. கீழ் வரிசையில் உயரமானி, திசைகாட்டி, திருப்பமானி. ஒரு கருவியின் முகம் நிஜத்தில் சுமார் 80 மி.மீ., நம் அளவில் 1.1. 0.13 ஷீட்டில் நேராகத் துளையிட்டால் கிழியும், இரண்டு 0.5 ஷீட்டுக்கு நடுவில் வைத்து இறுக்கி, பின் வைஸில் (சின்ன டிரில்லைப் பிடிக்கும் கைப்பிடி) 1.1 டிரில்லைக் கையால் சுழற்றுங்கள். துளைகளெல்லாம் முடிந்த பிறகே வெளி வடிவத்தை வெட்டுங்கள். முதலில் வடிவத்தை வெட்டிவிட்டால் ஒரு துளை தவறினால் முழுப் பலகையும் போச்சு. பின்னால் வைக்க ஒளி ஊடுருவும் ஃபிலிமின் பின்பக்கம் கறுப்பு அடித்து, காய்ந்ததும் ஊசியால் முள்ளும் கோடும் கீறி, அதன் மேல் வெள்ளை அடியுங்கள். முன்னாலிருந்து பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை முள் தெரியும். இந்த அளவில் அச்சடித்த எட்ச் தகட்டைவிட இது நன்றாகவே இருக்கும்.

இருக்கை 0.25 ஷீட்டில், மூன்று பக்கம் மடித்த வாளி வடிவம். ஸ்பிட்ஃபயரில் பல இருக்கைகள் செம்பழுப்பு நிறக் கூட்டுப்பொருள். எல்லாவற்றுக்கும் பச்சைசாம்பல் அடிக்க வேண்டாம், உங்கள் விமானத்தின் படத்தைப் பாருங்கள். பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப். நிஜத்தில் 50 மி.மீ. என்றால் இங்கே 0.7, 1 மி.மீ.க்கு வெட்டினாலே மூட்டை கட்டும் பட்டை போலத் தெரியும். ஸ்டிக்கின் வளையத்துக்குச் செம்புக் கம்பியை டிரில்லில் சுற்றி, ஒரு சுற்றை வெட்டியெடுத்து சூப்பர் க்ளூ வையுங்கள்.

சக்கரக் குழிக்குப் பழைய கிட்டில் சுவரே இருக்காது. 11 மி.மீ. விட்டமுள்ள குழியைச் சுற்றிவர 34.6 மி.மீ. நீள ஷீட் பட்டை வேண்டும்; 35க்கு வெட்டி, உள்ளே வளைத்து வைத்து, மிச்சத்தை அரத்தால் குறையுங்கள். சக்கரம் கிட்டில் உள்ளதே போதும். ஆரங்களுக்கு 72 பாகை இடைவெளியில் ஐந்து கோடு போட்ட தாளை 0.13 வட்டில் ஒட்டி, இடைவெளிகளை ஊசியால் திறந்து நடுவில் பதியுங்கள். எக்ஸாஸ்ட் வாயை டிரில் நுனியால் குடைந்தால் முடிந்தது.

இறக்கையின் பின்விளிம்பை ஒட்டுவதற்கு முன்பே கீழ்ப் பாதியின் உள்பக்கமாகத் தேயுங்கள். இரண்டும் சேர்ந்து 0.3 வந்தால் போதும். வெளிப்பக்கம் தேய்த்தால் ஏலரானின் (இறக்கைப் பின்விளிம்பில் அசையும் மடலின்) விவரம் அழிந்துவிடும். மேடாக உள்ள பேனல் கோட்டை அழிக்கும் முன், அதன் ஓரமாகத் தடித்த டேப் ஒட்டி ஊசியால் கீறிக்கொள்ளுங்கள். முதல் இழுப்பில் அழுத்தமே கூடாது. ஊசி வழுக்குவதெல்லாம் முதல் இழுப்பில்தான்.

செட்டில் வந்த கேனோபி மஞ்சளடித்துவிட்டது, அதைத் தூக்கிப் போடுங்கள். கிட்டின் கேனோபிக்குள் எபாக்ஸி புட்டி நிரப்பி இறுகவிட்டு, வெளிப்பக்கம் 0.2 மி.மீ. தேய்த்துக் குறைத்து, அதன் மேல் சூடாக்கிய மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து இறக்குங்கள். தேய்க்காமல் இறக்கினால் ஷீட்டின் தடிமன் அளவுக்கு எல்லாப் பக்கமும் பெரிதாகி உடலில் பொருந்தாது.

டீக்காலைத் தண்ணீரில் போடும் முன் ஈர விரலால் ஓரத்தைத் தேயுங்கள். மை விரலில் வந்தால் இங்க்ஜெட், மேலே அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு மெல்லிய பூச்சு அடித்தாக வேண்டும். வெள்ளை அடிப்பூச்சு இல்லாத அச்சு என்பதால் வட்டச் சின்னத்தின் மஞ்சள் வளையம் பழுப்பு, பச்சை மேல் சேற்று நிறமாகிவிடும். சின்னத்தைவிட அரை மி.மீ. சிறிய வெள்ளை வட்டத்தை மாஸ்க் வைத்து முதலில் பெயிண்ட் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு டீக்காலை அதன் மேல் நகர்த்தி வையுங்கள். ஷீட் முழுவதற்கும் ஒரே ஃபிலிம் என்பதால் ஒவ்வொரு எழுத்தையும் ஓரத்தை ஒட்டித் தனித்தனியாக வெட்டிக்கொள்ள வேண்டும்.