பியானோ வாசித்தபடி ராக் பாட: நொட்டேஷன் புத்தகமா, கார்டு தாளா, வீடியோவா?

பீட்டில்ஸ் என்ற ராக் குழுவின் பாடலையோ பாடகர் பில்லி ஜோயலின் பாடலையோ தானே பியானோ வாசித்துப் பாட ஆசைப்படுகிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. சுரங்களைக் குறிகளாக அச்சிட்ட நொட்டேஷன் புத்தகம், பாடல் வரிகளுக்கு மேல் கார்டு (chord, ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டு) பெயர்களை மட்டும் எழுதிய தாள், கட்டைகளின் மேல் வண்ணப் பட்டைகள் வந்து விழும் வீடியோ. மூன்றோடும் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். பாடுவதுதான் நோக்கம் என்றால் கார்டு தாளில் தொடங்குங்கள்.

நொட்டேஷன் புத்தகம்தான் முறையான வழி என்று நெடுநாள் நம்பியிருந்தேன். பாடல் தொகுப்புகள் பலவற்றில் மேலே பாடகரின் மெட்டு, அதன் கீழே இரு கைகளுக்கான பியானோ என்று அச்சிட்டிருப்பார்கள். பாட ஆள் இல்லாதபோதும் பாட்டு கேட்க வேண்டும் என்பதால் அதே மெட்டை வலது கைக்கும் கொடுத்துவிடுவார்கள். நீங்கள் பாடத் தொடங்கியதும் அந்தக் கை குரலுக்கு இடைஞ்சலாகிவிடும். ஒரு சொல்லைச் சற்றே தாமதித்து, இழுத்துப் பாட மனம் விரும்பும். விரலோ அந்தச் சுரத்தை முன்பே ஒலித்திருக்கும். ராக் பாட்டின் அழகில் பாதி அந்தத் தாமதத்தில் இருக்கிறது. அதை இழந்து பாட எனக்கு மனமில்லை.

கார்டு தாள் குரலை அதன் போக்கில் விட்டுவிடுகிறது. 1970இல் வெளிவந்த 'லெட் இட் பி' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தொடக்கம் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற நான்கு கார்டுகள். இடது கை கார்டின் பெயரிலுள்ள அடிச்சுரத்தை மட்டும் ஒலிக்கட்டும். வலது கை ஜி-சி-ஈ, ஜி-பி-டி, ஏ-சி-ஈ, ஏ-சி-எஃப் என்று பிடித்து நான்கு தாள அடிகளிலும் ஒரே சீராக அழுத்தட்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் விரல்கள் பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு மட்டுமே நகர்கின்றன. கை இருந்த இடத்திலேயே இருப்பதால் கண்ணுக்கும் மனத்துக்கும் பாட்டைக் கவனிக்க ஓய்வு கிடைக்கிறது. உடனே பாட வேண்டாம். கை ஓடிக்கொண்டிருக்க, வரிகளைப் பேச்சாகத் தாளத்தில் சொல்லிப் பாருங்கள். பேச்சு இடறாமல் வந்த பிறகு மெட்டைச் சேருங்கள். எனக்குக் கை பழகியது இப்படித்தான்.

சுருதி இன்னொரு பெரிய காரணம். ராக் பாடகர்களில் பலர் மிக உயரத்தில் பாடியவர்கள். அதே உயரத்தில் நாமும் கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மேற்சொன்ன கார்டுகளை, சுருதியின் முதல் சுரத்தை 1 என்று எண்ணி, 1, 5, 6, 4 என்று எண்களாக மனத்தில் வைத்தால், ஜி சுருதியில் அவை ஜி, டி, ஈ மைனர், சி ஆகிவிடும். நொட்டேஷன் பக்கத்தை இப்படி நகர்த்துவது பெரும் உழைப்பு.

கார்டு தாளின் குறை பாஸில், அதாவது இடது கை வாசிக்கும் கீழ்ச்சுர வரிசையில், தெரியும். 1973இல் வந்த 'பியானோ மேன்' மூன்றடித் தாளப் பாட்டு. அதில் இடது கை சி, பி, ஏ, ஜி, எஃப், ஈ, டி என்று படிப்படியாக இறங்கி மீண்டும் ஜிக்கு வரும். அவசரமாகத் தட்டச்சு செய்த தாள்களில் சி, ஜி, எஃப், சி என்று கார்டு பெயர் மட்டும் இருக்கும். அதை நம்பி வாசித்தால் பாஸ் அங்கும் இங்கும் தாவும். பாட்டையே அடையாளம் தெரியாது. ஆகவே ஒலிப்பதிவின் பாஸ் வரியை மட்டும் காதால் பின்தொடர்ந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீடியோவைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. விரல் எங்கே விழுகிறது என்று அது காட்டும். எந்தக் கார்டு, ஏன் அங்கே என்பது புரியாமலே போகும். ஒரு பாட்டு வந்தாலும் அடுத்த பாட்டுக்கு அது உதவாது.

புத்தகத்தை நான் தூக்கி எறிந்துவிடவில்லை. 1971இன் 'இமாஜின்' பாட்டில் எஃப் கார்டு முடியும் இடத்தில் ஏ, ஏ ஷார்ப் (ஏவுக்கு அடுத்த கறுப்புக் கட்டை), பி என்று ஏறி சி கார்டுக்குத் திரும்பும் சின்ன நடை இருக்கிறது. அது இல்லாமல் அந்தப் பாட்டு எனக்கு ஓடவில்லை. அந்த மூன்று சுரங்களின் நேரம் பிடிபட நொட்டேஷனைத்தான் திறந்தேன்.