கல்வியங்காட்டில் உருட்டல், வல்லைவெளியில் பறப்பு

யாழ்ப்பாணம்–பருத்தித்துறை 750ஆம் இலக்கத் தனியார் மினிபஸ்ஸில் ஏறினால் முதல் சோதனை கல்வியங்காட்டுச் சந்தையடி. வீதி பழுதென்றால் பொறுக்கலாம். இப்போது காப்பெற் வீதி, ஆனாலும் மினிபஸ் உருளும். சாரதியின் கண் முன்னுக்கில்லை, பக்கக் கண்ணாடியில். பின்னால் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை, அரச பஸ்) சிவப்பு தெரியும்வரை உருட்டல், தெரிந்ததும் மிதி.

காரணம் சம்பளம். டீசல் காசும் முதலாளியின் பங்கும் போக மிஞ்சுவதுதான் சாரதிக்கும் நடத்துநருக்கும். முன்னால் போன பஸ்ஸுக்குப் பிறகு சந்திகளில் ஆள் சேர நேரம் வேண்டும், அதனால் இருபாலை, கோப்பாய், நீர்வேலி எல்லாம் ஊர்வலம். தொலைத்த நேரத்தைப் பிடிக்க வல்லைவெளியை விட்டால் இடமில்லை. அங்கே வீடில்லை, மறிக்க ஆளில்லை. அந்த வெட்டையில் இரண்டு பஸ் முந்துப்படும்போது மிதிபலகையில் நிற்பவரைப் பார்க்கவே வயிறு கலங்கும்.

இணைந்த நேர அட்டவணை, தனியாருக்கு 60, இ.போ.ச.வுக்கு 40 என்ற பங்கீடு எல்லாம் பேச்சில் உண்டு. இ.போ.ச. டிப்போவிலிருந்து ஒரு பஸ் வெளிக்கிடாவிட்டால் அதோடு சரி. அந்த இடைவெளியின் சனத்தையும் அடுத்த மினிபஸ் நெரித்து ஏற்றும், ஏற்றி இறக்கியே பிந்தும், பின்னால் வருவது எட்டிப் பிடிக்கும். நெல்லியடியில் நிற்பவருக்கு நெடுநேரம் ஒன்றுமில்லை, வந்தால் இரண்டு. பள்ளிப் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். பருவச்சீட்டு இ.போ.ச.வில் மட்டும் செல்லும், அதுவும் நிரம்பி வந்தால் நிற்காது.

தனியாரைத் திட்டித் தீராது. லண்டனில் பஸ் ஓட்டுவதும் தனியார்தான். கட்டணம் நகரப் போக்குவரத்து அமைப்புக்குப் போகும், கம்பனிக்கு ஓடிய மைலுக்குக் காசு, சனம் காத்திருக்கும் நேரம் கூடினால் தண்டம். சாரதிக்கு ஆள் பிடிக்க ஒரு காரணமுமில்லை. (ஓடி வருபவரைக் கண்டும் கதவைச் சாத்துவான், அது வேறு எரிச்சல்.) லண்டனுக்கு வெளியே 1986இல் போட்டிக்குத் திறந்துவிட்டு அங்கேயும் இதே கூத்து. மான்செஸ்டர் 2023 செப்டெம்பர் தொடங்கி 2025 ஜனவரிக்குள் எல்லா வழித்தடத்தையும் திரும்பக் கையில் எடுத்தது. நாங்கள் 1958இல் தனியாரிடமிருந்து எடுத்து இ.போ.ச. ஆக்கி, எழுபதுகளின் கடைசியில் தனியாரைத் திரும்ப விட்டோம். விட்டது பரவாயில்லை, வசூலைச் சாரதியின் சோற்றோடு கட்டியதுதான் வினை.

பெட்டியோடு போவோர் இ.போ.ச.வை, அதுவும் தொடக்க நிலையத்திலேயே பிடியுங்கள். மினிபஸ்ஸில் பெட்டிக்குத் தனிக்காசு கேட்பார்கள், ரிக்கற் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினால் மிச்சக்காசு இறங்கும்வரை வராது. இருட்டினால் மினிபஸ்ஸை நம்பாதீர்கள், ஆளில்லாத ஓட்டம் அவர்களுக்கு டீசல் நட்டம். கடைசி இ.போ.ச. உண்மையாகவே வெளிக்கிடுமா என்று நேரக்கணிப்பாளரிடம் கேட்டுவிட்டு நில்லுங்கள்.