ஸ்க்ராட்ச் ஜூனியர்: ரெண்டாம் கிளாஸ்ல ஒரு வருஷம் ஓட்டிப் பாத்த டீச்சரோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடுறேன், டேப்லெட்டைக் கையில குடுத்தா கிரியேட்டிவிட்டி தானா கொட்டும்னு நம்புற ஆள் நான் இல்ல. இதுக்கு முன்னாடி கிளாஸ்ல ஒரு கலரிங் ஆப் வெச்சிருந்தோம், பேர் வேணாம். ரெடியா இருக்குற படத்தைத் தொட்டா கலர் ரொம்பிடும், உடனே மூணு ஸ்டார், கைதட்டல். பசங்களுக்கு செம குஷி. ஆனா பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டுனப்ப பாத்தா எல்லாம் ஒரே மாதிரி, எது யாரோடதுன்னு போட்டவங்களுக்கே தெரியல.

ஸ்க்ராட்ச் ஜூனியர் சின்னப் பசங்களுக்கு கோடிங் பழக்குற ஆப், பிளாக்னு சொல்ற கட்டளைத் துண்டுகளைக் கோத்து பொம்மைகளை நடக்க, பேச வெக்கலாம். இதுல ஸ்டாரும் இல்ல கைதட்டலும் இல்ல. திறந்தா ஒரு பூனை நிக்கும், அவ்ளோதான், மிச்சம் எல்லாம் நம்ம பாடு. டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டியும் எம்ஐடி மீடியா லேபும் இன்னொரு கம்பெனியும் சேந்து 5லேந்து 7 வயசுக்குன்னு பண்ணது, 2014ல ஐபேடுக்கு வந்துச்சு, அப்புறம் ஆண்ட்ராய்டுக்கும். ஃப்ரீ தான். இன்ஸ்டால் பண்ணிட்டா நெட் தேவையில்ல. பிளாக்ல எழுத்தே கிடையாது, அம்புக்குறி மாதிரி படம் மட்டும், அதனால இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பசங்களும் பின்தங்கல. மஞ்சள்ல ஆரம்பிச்சு நீலத்துல நடக்க வெச்சு சிவப்புல முடிக்கலாம், இடமிருந்து வலமா கோத்துக்கிட்டே போகலாம்.

மூணாவது வாரம் ஒருத்தன் வந்து "மிஸ், இந்தப் பூனையைத் தூக்கிட்டு என் ரப்பரை நடக்க விடலாமா?"ன்னான். எனக்கே அப்ப தெரியாது, ரெண்டு பேரும் நோண்டிப் பாத்தோம். பெயின்ட் பக்கத்துல ஒரு கட்டம் வரைஞ்சு கேமராவைத் தட்டுனா அந்தக் கட்டத்துக்குள்ள போட்டோ உக்காந்துடுது! ஓரமெல்லாம் கருத்துப்போன அவன் ரப்பர் அப்படியே ஸ்கிரீன்ல. ரெண்டு கட்டம் நகருது, கொஞ்சம் சின்னதாகுது, திரும்ப ரெண்டு கட்டம், திரும்ப சின்னதாகுது, இதை ஆரஞ்சு கலர் ரிப்பீட் பிளாக்குக்குள்ள போட்டிருந்தான், கடைசில மறையுற பிளாக். "தேஞ்சு போச்சு மிஸ்"னு சொல்லிட்டுப் போய்ட்டான். லூப்னா, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பண்ண வெக்கிறதுன்னா, என்னன்னு நான் பாடமே எடுக்கல, அவனுக்கு ரப்பர் தேயணும், அதுக்கு அது தேவைப்பட்டுச்சு, எடுத்துக்கிட்டான்.

கணக்கும் ஓசில வந்துச்சு. ஸ்கிரீன்ல கட்டம் போட்டா குறுக்க 20, நெடுக்க 15. மரம் வரைக்கும் நடக்கணும்னு ஒருத்தி குத்துமதிப்பா 18 போட்டா, பூனை மரத்தைத் தாண்டி வலது பக்கமா வெளிய போய் இடது பக்கமா உள்ள வருது, கிளாஸே சிரிச்சுது. அப்புறம் எல்லாரும் விரல் வெச்சு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

கஷ்டம் இல்லாம இல்ல. குரல் ரெக்கார்ட் பண்ற வசதி சூப்பர், ஆனா முப்பது பேர் ஒரே ரூம்ல சிங்கம் மாதிரி கர்ஜிச்சா எல்லார் ப்ராஜெக்ட்லயும் எல்லார் சிங்கமும் இருக்கும். இப்ப மேஜைக்கு அடியில போய் ரெக்கார்ட் பண்றாங்க. கதைக்கு 4 பக்கம் தான், அதுக்கு மேல போகாது. எனக்கு அது பிடிச்சிருக்கு, எதை வெட்டலாம்னு நோட்டுல படம் போட்டுப் பாத்து சண்டை போட்டு முடிவு பண்றாங்க. நோட்டுல போடாம நேரா டேப்ல இறங்குன நாள்ல எல்லாம் பூனையை ஓட விட்டே பீரியட் முடிஞ்சிடும், இது என் அனுபவம். "இப்படி ஆனா அப்படிப் பண்ணு"ங்கிற மாதிரி கண்டிஷன், ஸ்கோர் வைக்கிறது எதுவும் இதுல கிடையாது, கேம் பண்ணணும்னு கேக்குற பசங்களுக்கு சீக்கிரமே போரடிக்கும். 8 வயசு தாண்டிட்டா பெரிய பசங்களுக்குன்னு இருக்குற ஸ்க்ராட்ச்சுக்கே மாத்திடுங்க.

இன்னொண்ணு, லாகின் கிடையாது, பண்ணது அந்தந்த டேப்லயே இருக்கும். பேர், போட்டோன்னு வெளிய எதுவும் குடுக்காம நடத்தலாம்னு எனக்கு நிம்மதி, ஆனா ரெண்டு பேருக்கு ஒரு டேப்னு மாத்தி மாத்திக் குடுத்ததுல யார் கதை எதுல இருக்குன்னு நானே ஒரு பீரியட் ஃபுல்லா தேடியிருக்கேன். இப்ப எல்லாத்துக்கும் பின்னாடி நம்பர் ஒட்டியாச்சு, அதை நோட்டுலயும் குறிச்சுக்குறாங்க. தினமும் சண்டை 7ஆம் நம்பருக்கு தான், தேயுற ரப்பர் அதுல தான் இருக்கு.