வாய்ப்பேச்சா, டிக்கெட்டா? ஈஆர்பி குழுக்களுக்கு எது கைகொடுக்கிறது

திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு ஈஆர்பி (கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் இணைக்கும் நிறுவன மென்பொருள்) அமைக்கும் பணியில், கோவை சரவணம்பட்டியில் இருந்த எங்கள் குழு ஒரே சொல்லால் மூன்று வாரங்களை இழந்தது. நிட்டிங் முடிந்த துணி 100 கிலோ சாயப்பட்டறைக்குப் போனால், சாயமேறி, துணியைச் சுருக்கிச் சீராக்கும் காம்பாக்டிங் முடிந்து திரும்பும்போது சில கிலோ குறைந்திருக்கும். தொழிலில் அதற்கு 'லாஸ்' என்று பெயர். முதல் கூட்டத்தில் டையிங் பொறுப்பாளர், "அது எப்பவும் போறதுதானுங்க" என்றார். கேட்ட எங்கள் குழுக்காரர் தலையாட்டினார், எழுதிவைக்கவில்லை. அவர் மென்பொருளின் வேறு பகுதிக்கு மாறிய பிறகு, சோதனையாளர் அந்த எடை வித்தியாசத்தைப் பிழையாகப் பதிய, எடை ஒத்துவராத பட்டறை பில்களை எல்லாம் நிறுத்திவைக்கும்படி நிரலாளர் மாற்றிவிட்டார்.

நேரில் பேசுவதே தகவலைக் கடத்தச் சிறந்த வழி என்று 2001இல் வெளியான, மென்பொருள் உருவாக்க முறையான அஜைலின் கொள்கைகள் கூறுகின்றன. ஐந்து பேர் ஓர் அறையில் இருக்கும்வரை அது சரிதான். ஆனால் மென்பொருள் பொறியாளர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே காட்டிய கணக்குப்படி, ஐந்து பேருக்கு இடையே 10 தொடர்புப் பாதைகள் என்றால், 15 பேருக்கு இடையே 105. ஸ்டோர்ஸ், கணக்குப் பிரிவு, பட்டறை, நிரலாளர்கள் என்று ஆள் கூடும் திட்டத்தில், 15 நிமிட தினசரிக் கூட்டம் ஆளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது.

டிக்கெட்டின் (ஒரு வேலையையோ பிழையையோ கணினியில் எழுதிப் பதியும் குறிப்பு) பலம், ஆள் மாறினாலும் முடிவு மாறாமல் இருப்பது. ஆனால் எங்கள் டிக்கெட்டுகள் ஆங்கிலத்தில் இருந்தன. துணியைப் பற்றி எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்த டையிங் பொறுப்பாளர் அவற்றை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. 'லாஸ்' என்பதைக் கணக்குப் பிரிவினர் நஷ்டம் என்றே படித்தார்கள். ஒரே டிக்கெட்டில் நான்கு நாட்களில் பதினொரு பின்னூட்டங்கள் சேர்ந்தன; ஒருவரும் போனை எடுக்கவில்லை. (பக்கத்து மேசைக்காரருக்கும் டிக்கெட்டிலேயே பதில் எழுதும் வழக்கம் எங்களுக்கு அப்போது இருந்தது.)

வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்த முடிவு, எடுக்கப்படாத முடிவுக்குச் சமம்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் டிக்கெட்டின் பக்கமே நிற்பேன். ஏனெனில் பேச்சில் நேரும் பிழையைத் தேடக்கூட வழியில்லை, எழுத்தில் நேர்ந்தால் எந்த வரியில் என்றாவது காட்ட முடியும். ஆனால் அந்த வரி பட்டறையில் பேசி எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். மூன்றாவது பின்னூட்டத்துக்குப் பிறகு போன் செய்தே ஆக வேண்டும், பேசியவரே முடிவை இரண்டு வரியில் தமிழில் எழுதி, மறுமுனையில் இருப்பவருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்று பின்னர் விதி வைத்தோம். அப்படிப் படித்துக்காட்டியபோதுதான் டையிங் பொறுப்பாளர், லாஸ் துணிக்குத் துணி மாறும் என்பதையும் சொன்னார். துணி வகைவாரியாக அனுமதிக்கும் லாஸ் சதவீதத்தைப் பதிய ஒரு கட்டம் சேர்த்தோம். அந்த வேலை அரை நாள்தான் பிடித்தது.